கடலில் எடுத்த நாலு பேர்

இன்று பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் பரீட்சைத் தாள் கட்டுகளுக்கு முத்திரை வைத்தார்கள். மெழுகுவத்திச் சுடரில் அரக்கைக் காட்டியதும் அந்த வாசனை தாழ்வாரம் முழுக்கப் பரவியது. நான் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்குக்கட்டி பாதி எண்ணில் நின்றுவிட்டது. வாசலில் போலீஸ் தலைப்பாகை ஒன்று தெரிவது போலிருக்க, எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளாடு மட்டும் நின்றுகொண்டிருந்தது. "டீச்சர், மிச்சம் எவ்வளவு?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

உங்களுக்கு அந்த வாசனை என்றால் சந்தோஷம். மருந்துக் கடையில் வாங்கிவந்த ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து, செம்புக் கம்பிச் சுருளுக்குப் பூசி, முற்றத்து வெயிலில் காயவைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். ஸ்பிரிட் வாங்கிய விஷயம் சபை முழுக்கப் பரவி, வாத்தியார் குடிக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண்கள் வரிசையில் பேசிக்கொண்டார்கள். அதற்கே எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. நீங்கள் சிரித்தீர்கள். நம் வீட்டில் சிரிப்பு உங்கள் பங்கு, பயம் என் பங்கு. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

கல்யாணத்தன்று மாலை நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "இந்தப் பக்கம் வந்து நில்லு" என்பது. இடது காது சின்ன வயசுக் காய்ச்சலில் போய்விட்டது என்றும், வலது காதும் வரவர மந்தமாகிறது என்றும், இதை உங்கள் அம்மா பெண் வீட்டாரிடம் மறைத்துவிட்டார்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தீர்கள். அந்தக் காதை வைத்துக்கொண்டு பையன்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் பாடம் எடுத்தீர்கள். பின் பெஞ்சுப் பையன்களுக்குக் கொண்டாட்டம். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான், பழைய இங்கிலீஷ் பத்திரிகைக் கட்டு ஒன்றைப் படித்துவிட்டு, கம்பியில்லாத் தந்தி கேட்கும் ஆசை வந்தது.

"கடல்ல போற கப்பல் பூராவும் பேசிக்கிட்டுப் போவுது. அந்தப் பேச்சு நம்ம வீட்டுக் கூரை மேலயும்தான் போவுது. நாமதான் கேக்காம விடுதோம்" என்றீர்கள்.

எனக்குத் தந்தி புதிதில்லை. சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் என் அப்பா தந்தி குமாஸ்தா. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கட்டுக்கட்டென்ற அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். எந்த ரயில் பிந்துகிறது என்று சமையலறையில் இருந்தபடியே அம்மாவுக்குச் சொல்லுவேன். நீங்கள் இதைத் தெரிந்துகொண்ட அன்று, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் மாதிரி வீட்டுக்குள் நடந்தீர்கள்.

ஆனால் சர்க்கார் உத்தரவு இல்லாமல் தந்திக் கருவி எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். கம்பி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. லைசென்ஸ் கேட்டு மனு எழுதினீர்கள். மாதங்கள் கழித்து பதில் வந்தது. கருவியின் படம் வேண்டும், நன்னடத்தைக்குச் சான்று வேண்டும், மனுதாரர் தந்தி இலாகா அதிகாரி முன்னால் உட்கார்ந்து செய்தியைக் காதால் கேட்டு எழுதிக் காட்டவேண்டும். கடைசி வரியை நீங்கள் இரண்டு தரம் படித்தீர்கள். அப்புறம் என் பக்கம் உள்ளங்கையை நீட்டி, "இதுல தட்டு, படிச்சுக்கிடுதேன்" என்றீர்கள்.

புள்ளிக்குக் குறில் என்றும் கோட்டுக்கு நெடில் என்றும் நாம் பெயர் வைத்துக்கொண்டோம். சாயங்காலம் சாயங்காலம் உங்கள் கையில் நான் தட்ட, நீங்கள் எழுத்தெழுத்தாகச் சொல்லுவீர்கள். கையில் தட்டினால் ஒரு எழுத்துத் தவறாது. மேஜையில் தட்டினால் பாதிதான் வரும். அதிகாரி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டா பரீட்சை வைப்பார்?

மனு போட்டாயிற்று, உத்தரவு வரும்வரை பொறுத்திருக்கலாம் என்றேன். கருவி வேலை செய்கிறதா என்றே தெரியாமல் எதற்கு லைசென்ஸ் என்று நீங்கள் கேட்டீர்கள். பாளையங்கோட்டையில் நம் வீட்டுப் பின்கட்டில் நின்ற இரண்டு பனைகளின் உச்சியில், பதநீர் இறக்க வந்தவரைக் கொண்டே செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினீர்கள். இன்னொரு கம்பி கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்கியது. அரிசி அளவு மினுமினுக்கும் கருப்புக் கல் ஒன்று, அதன் மேல் பட்டும் படாமலும் ஊசிபோல ஒரு கம்பி முனை, அங்கிருந்து காதில் வைக்கும் குழல். அவ்வளவுதான் கருவி. யாராவது இருமினால்கூடக் கம்பி முனை நழுவிவிடும்.

அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரையைச் சுட்டு அதிக காலமாகவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஆற்றங்கரையில் நின்று பேசினாலே பெயர் எழுதிக்கொண்டு போவார்கள். உங்கள் அண்ணன் கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. ஒருநாள் குடையைக்கூட மடக்காமல் வீட்டுக்குள் வந்தார்.

"ஏலே, பனைக்குப் பனை கம்பி கட்டியிருக்கியாமே. கச்சேரில எங்கிட்டயே கேக்கான். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"துணி காயப் போடன்னு சொல்லுங்க" என்றீர்கள்.

"பனை உசரத்துலயா துணி காயப் போடுதிய? எனக்கு நாலு பிள்ளைக இருக்குலே. விளையாடாத."

என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சொன்னேன். தினமும்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே குழலையும் காதில் வைத்துக்கொள்வேன்.

முதல் பத்து நாள் மழைக்கு முந்தின பூச்சிகள் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும்தான். அப்பாவின் ஸ்டேஷனில் கேட்டது தட்டுகிற சத்தம். இது ரீங்காரம். வேறு பாஷை மாதிரி. ஒருநாள் அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு நெடில், ஒரு குறில். நான் கையை உயர்த்தினேன். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள். ஏதோ ஒரு கப்பல் கொழும்பைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உங்கள் கையை இழுத்து அதை அப்படியே தட்டினேன். உங்கள் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு மட்டும் எனக்குப் பயமில்லை.

அந்த ஐப்பசியில் இரண்டு நாள் காற்று சுழற்றி அடித்தது. கம்பி அறுந்து, மறுபடியும் கட்டினோம். காற்று ஓய்ந்த மறுநாள், விளக்கு வைக்கும் நேரம். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு குழலை எடுத்தேன். எடுத்தவுடனே கேட்டது. அவ்வளவு தெளிவாக அதுவரை எதையும் கேட்டதில்லை. கப்பல் ஒன்று கொழும்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. தோணி என்றது. குலசேகரன்பட்டினம் என்ற பெயரை எப்படியெல்லாமோ எழுத்துக்கூட்டியது. கவிழ்ந்துவிட்டது என்றது. அதன் பிறகு ஒரு எண். அதன் பிறகு, ஆட்களை எடுத்தோம், கொழும்பில் நிற்கவில்லை, ரங்கூனில் இறக்குகிறோம். அவ்வளவுதான். மறுபடி இரைச்சல்.

அந்த எண்தான். நாலு என்றால் நாலு குறிலும் கடைசியில் ஒரு நெடிலும். ஐந்து என்றால் ஐந்தும் குறில். நாலு குறிலைச் சரியாகக் கேட்டேன். ஐந்தாவது வரும்போது எங்கோ தூரத்தில் மின்னியது, குழலில் படபடவென்று வெடித்தது. அந்த வெடிப்புக்குள்ளே நெடிலின் வால் தெரிந்த மாதிரி இருந்தது. சிலேட்டில் நாலு என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உசுரோட எடுத்தாங்கன்னு வந்துதா?" என்று கேட்டீர்கள்.

"எடுத்தோம்னு மட்டும்தான் வந்துது."

"செத்தவங்களையா ரங்கூன் வரைக்கும் கொண்டு போவான்? உசுரோடதான் இருக்காங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. உங்களுக்கு உடனே தோன்றியது.

இரண்டு நாளில், உங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கரைப்பக்கத்துப் பையன் ஒருவன் மூலம், தோணி போனது நிஜம் என்று தெரிந்துவிட்டது. கருப்பட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணி. ஏழு பேர் போயிருக்கிறார்கள். மணப்பாடு பக்கம் உடைந்த பலகைகள் ஒதுங்கியிருக்கின்றன. ஏழு வீட்டிலும் அழுகை.

உங்கள் அண்ணனை நீங்களே கூப்பிட்டு அனுப்பினீர்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"போய்ச் சொல்லு. உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பான். அப்ப என்ன சொல்லுவ? லைசென்ஸ் இல்லாம கள்ளத்தனமா கேட்டேன்னு சொல்லுவியா? உன் வேலையும் போவும், அவ வேலையும் போவும், கூட என் வேலையும் போவும். மொட்டைக் கடுதாசி ஒண்ணு எழுதிப் போடுலே. சேதி போய்ச் சேரும்லா?"

"மொட்டைக் கடுதாசிய எவன் நம்புவான், அண்ணே? செத்த வீட்டுல வேற எவனோ விளையாடுதான்னு கிழிச்சுப் போட்டுருவான்."

"அப்ப அவளுக்கு நாலா அஞ்சான்னே சந்தேகமா இருக்கே. ஏழு வீடு இருக்கு. யாருகிட்டப் போய் என்னத்தச் சொல்லுவ?"

என் பக்கம் திரும்பி, "ஏளா, நீ கேட்டது நாலுதான?" என்றீர்கள். நாலு என்று நினைக்கிறேன் என்றேன். "அப்ப நாலுதான்" என்றீர்கள். உங்கள் குரலில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால் நான் பின்வாங்கியிருப்பேன். "கேட்டது நீ. சொல்ல வேண்டியதும் நீதான். நான் கூட வாரேன்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மாட்டுவண்டி ஏறினோம். இடது கைப் பக்கம் ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆழ்வார்திருநகரியில் உங்கள் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு, விடியவும் குலசேகரன்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் என் தொடையில் நானே தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாலு குறில், ஒரு நெடில். ஐந்து குறில். எந்தப் பக்கம் தட்டினாலும் அதுதான் கேட்ட மாதிரி இருந்தது. வண்டி திரும்பிவிடாதா என்று ஒரு மனம். மாடு சீக்கிரம் போகக் கூடாதா என்று ஒரு மனம்.

தோணிக்காரர் வீட்டு முற்றம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. சாக்குப் பையை விரித்து உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் மனிதர். சவரம் செய்து எத்தனை நாளாயிற்றோ. நீங்கள் விஷயத்தைச் சொன்னீர்கள். அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கம்பி இல்லாமச் சேதி வந்துதா? பாளையங்கோட்டைக்கா? வாத்தியாரே, ஏழு பேரைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கேன். எங்கிட்ட வந்து…"

"அண்ணாச்சி, அந்தக் கப்பல் ரங்கூன் போய்ச் சேர நாள் இருக்கு. உங்களுக்கு அங்கன ஆள் இருந்தா ஒரு தந்தி அடிச்சுக் கேளுங்க. பொய்யின்னா நாளைக்கு எங்க வீட்டுல வந்து எங்களக் கட்டி வச்சு அடிங்க."

அவர் யோசித்தார். அதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஏழு வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். என்னைச் சொல்லச் சொன்னார்கள். நாலு பேரைக் கப்பலில் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அப்புறம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், இருபது வயது இருக்காது, முன்னால் வந்தாள்.

"அக்கா, எந்த நாலு பேருன்னு சொன்னாவளா? பேரு ஏதும் சொன்னாவளா?"

"பேரு வரலம்மா."

"எங்க வீட்டுக்காரருக்கு இதுதான் கடல்ல முதல் நடை" என்றாள். என்னிடம் சொன்னால் நான் அதைக் கப்பலுக்குச் சொல்லி அந்த நாலில் அவனையும் சேர்த்துவிடுவேன் என்பது போல.

பின்னாலிருந்து ஒரு கிழவி சீறினாள். "ஏழு பேரு போனா ஏழு பேரு வரணும். நாலுன்னு வந்து சொல்ல நீ யாருட்டி? மூணு வீட்டுக்கு எமன் மாதிரி வந்து நிக்கியே!"

நீங்கள் அவர்களுடைய வாயசைவைப் பார்த்தீர்கள், பேச்சு காதில் விழவில்லை. என் பக்கமாக மெல்ல உள்ளங்கையை நீட்டினீர்கள். நான் தட்டவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் கேட்டீர்கள். நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு நாம செஞ்சது சரிதானா?" என்றீர்கள். நீங்கள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று பெரியவர்கள் ஏழு பெண்களின் தாலியையும் கழற்றுவதாக இருந்திருக்கிறார்கள். நம் பேச்சைக் கேட்டு, ரங்கூன் பதில் வரட்டும் என்று தள்ளிவைத்தார்கள். அண்ணாச்சி தந்தி கொடுத்தார்; இந்தச் சேதி எப்படித் தெரிந்தது என்று தந்தி ஆபீஸில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தத் தந்தியே நம் வீட்டுக்குப் போலீஸைக் கூட்டிவந்தது.

இன்ஸ்பெக்டர் பகலிலேயே வந்தார். நல்ல உயரம், மெதுவான பேச்சு. பனைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேஜை மேல் இருந்ததை ஒவ்வொன்றாகத் தொடாமல் பார்த்தார். உங்கள் அண்ணன் மூலையில் நின்றார்.

"யாரு கேட்டது?"

"நான்தான்" என்றீர்கள். நான் வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டீர்கள்.

அவர் பைய நடந்து உங்கள் இடது பக்கம் வந்து, சுருளைக் காட்டி ஏதோ கேட்டார். நீங்கள் நேரே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மறுபடியும் கேட்டார். நீங்கள் அசையவில்லை.

"பக்கத்துல நின்னு நான் கேக்கது காதுல விழல. கடல்ல போற கப்பல் பேசுனது உமக்குக் கேட்டுதாக்கும், வே?"

நான் முன்னால் வந்தேன். "நான் கேட்டேன்" என்றேன். "எங்க அப்பா ரயில்வேல தந்தி குமாஸ்தா. எனக்குத் தெரியும். இவுக காரியத்துல குத்தம் இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "சேதி நெசமின்னா லைசென்ஸ் இல்லாமக் கேட்ட குத்தம். பொய்யின்னா ஊரக் கலைச்ச குத்தம். எப்படிப் பாத்தாலும் குத்தம்தாம்மா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கல்லையும் சுருளையும் குழலையும் ஒரு பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போட்டு எடுத்துக்கொண்டு போனார். பனையிலிருந்து கம்பி இறங்கியது. கூப்பிடும்போது வரவேண்டும், ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று உத்தரவு.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்லுவேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கைப்பாத்திரம் நழுவும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை அம்மாள் கூப்பிட்டால் வேலை போயிற்று என்று நினைப்பேன். ஆனால் போலீஸைவிட அந்த எண்தான் என்னைத் தின்றது. ஐந்தாக இருக்கட்டும், கர்த்தாவே, என்று ஜெபித்தேன். அந்த நெடில் என் பிரமையாக இருக்கட்டும். நான் தப்பாகக் கேட்டவளாகவே இருக்கட்டும், இன்னும் ஒரு வீடு பிழைக்கட்டும்.

ரங்கூன் பதிலோடு அண்ணாச்சியே வந்தார். நாலு பேர். பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் அன்று முற்றத்தில் கேட்டுவைத்த அந்தக் கைக்குழந்தைக்காரியின் வீட்டுக்காரர் பெயருக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நான் சரியாகவே கேட்டிருந்தேன். அடுப்படிக்குப் போய் அழுதேன். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

ரங்கூனில் இறங்கிய அந்த நாலு பேரும் உடுத்த துணியோடு நின்றிருந்தார்கள். அண்ணாச்சியின் ஆள் துறைமுகத்திலேயே போய் அழைத்துக்கொண்டு, அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டார். அண்ணாச்சி கச்சேரிக்குப் போய் நமக்காக விண்ணப்பம் கொடுத்தார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கருவி மட்டும் வரவில்லை. முறைப்படி லைசென்ஸ் வாங்கிவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள்.

அந்த வாரமே பழைய மனுவை வாபஸ் வாங்கிவிட்டு என் பெயரில் புது மனு போட்டீர்கள். பெண்பிள்ளை பெயரில் சர்க்காருக்கு மனுவா என்று உங்கள் அண்ணன் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இங்கிலீஷ் தப்பில்லாம இருக்கணும், நானே எழுதுதேன்" என்று உட்கார்ந்தார். மறு வருஷம் தந்தி இலாகா அதிகாரி என்னைப் பரீட்சை செய்தார். அவர் தட்டத் தட்ட எழுதினேன். முடித்ததும் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். தொட்டிலில் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. சிபாரிசு மேலே போனது. உத்தரவு வரும் என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடி கழிந்ததும் சீமையில் சண்டை என்று செய்தி வந்தது. தனியார் யாரும் கம்பியில்லாத் தந்தியைத் தொடக்கூடாது என்றார்கள். அதோடு அது நின்றுபோயிற்று.

சண்டை முடிந்த சமயத்தில் ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் உங்களையும் கொண்டுபோயிற்று. கடைசி இரண்டு நாளும் எந்தக் காதும் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று கையில் தட்டினேன். நீங்கள் என் கையில் திருப்பித் தட்டியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே.

பயம் இன்னும் என் பங்குதான். அதோடு இன்னொன்றும் சேர்ந்து கிடந்தது: வண்டியில் நீங்கள் கேட்ட கேள்வி. மூன்று வீட்டில் நம்பிக்கையை மூட்டி அணைத்துவிட்டோமோ என்று நீங்களும் நானும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். பேசி முடித்ததே இல்லை. அந்த ஊருக்கு மறுபடி போகும் தைரியமும் நமக்கு வரவில்லை.

போன மாதம் அந்தக் கைக்குழந்தைக்காரி வந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. கூட வந்த பிள்ளை அவள் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டது. கருவாட்டு வியாபாரத்துக்கு இந்தப் பக்கம் வந்தவர்கள் சொல்லி, நீங்கள் இல்லை என்று தெரிந்து வந்திருக்கிறாள். வெள்ளைச் சேலையில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம். என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் வரலன்னா அப்பவே என் தாலியக் கழத்தியிருப்பாவ. நீங்க வந்து நாலு பேருன்னு சொன்ன பொறவு நான் தினமும் அவருக்குச் சோறு எடுத்து வச்சேன். பிள்ளைகிட்ட அப்பா வாராருன்னு சொன்னேன். ரங்கூன் தந்தி வார வரைக்கும் எனக்கு அவரு உசுரோட இருந்தாரு. முதல் நடை போறப்ப நான் சண்டை போட்டு அனுப்பியிருந்தேன், பாத்துக்கிடுங்க. அந்த நாள்லதான் மனசுக்குள்ள அவருகிட்டப் பேசித் தீத்தேன். இத உங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லணும்னு எத்தனையோ தரம் கிளம்புனேன். வண்டி கிடைக்கல, வேலை விடல. இப்பப் பிந்திப் போச்சு."

சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டாள். பிள்ளைக்குக் கருப்பட்டி கொடுத்தேன். வண்டியில் ஏறும்போது, "நான் அவுககிட்டச் சொல்லிருதேன்" என்றேன். எப்படிச் சொல்வாய் என்று அவள் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள்.

சொல்லிவிட்டேன்.